வலிமைக்கு அழகு அடக்கம்
(கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட இளைஞர்களிடையே ஆற்றிய உரை)



குத்துச்சண்டை என்றதும் 1975இல் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் முகமது அலி ஜோ பக்னரை வென்றது நம் நினைவுக்கு வரும். அது பணத்திற்காக நடைபெற்ற பந்தயம். பணம் பெறாத அமெச்சூர் வீரர் ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகிறேன்.

லண்டன் காவலரான ஹாரி மல்லின் 1892இல் பிறந்தவர். 1919 முதல் 1923 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து இங்கிலாந்தின் அமெச்சூர் வெற்றிவீரராக விளங்கினார். 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் நடுத்தர எடைப் பிரிவில் தங்கம் வென்றார்.

1924 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில், பிரெஞ்சு வீரர் புரூஸ் அவரது மார்பில் கடித்துவிட்டார். பற்குறியைக் காட்டியும் நடுவர் செவிசாய்க்கவில்லை; வெற்றி புரூசுக்கே என்று தீர்ப்பாயிற்று. மல்லின் வசைபாடவில்லை, அமைதியாக மேடையை விட்டு இறங்கினார். சுவீடன் நாட்டு அதிகாரி ஒருவர் முறையிட்டார். மேல்முறையீட்டுக் குழு பற்குறிகளைக் கண்டு தீர்ப்பை மாற்றியது. மல்லின் மீண்டும் தங்கம் வென்றார். ஒலிம்பிக் குத்துச்சண்டைப் பட்டத்தை அடுத்த போட்டியிலும் தக்கவைத்துக்கொண்ட முதல் வீரர் அவரே.

இளைஞர்களே! திடலிலோ வேலைக்காட்டிலோ அநீதி நேர்ந்தால் கை ஓங்காதீர்கள். வாய்மூடி இருந்துவிடவும் வேண்டாம். சான்றோடு உரிய இடத்தில் முறையிடுங்கள். தோழனுக்கு அநீதி நேரும்போது, அந்தச் சுவீடன் அதிகாரியைப் போல் நீங்கள் எழுந்து பேசுங்கள்.