வேலையை விட்டுப் போனவரைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஊக்குநர்கள், பிரதிநிதிகளிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப் போவது நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒரு விஷயம். "நம்ம கூட்டமைப்புல கணக்கு எழுதின பொண்ணு நின்னுட்டா. இப்ப வேற கூட்டமைப்புல வேலை கேட்டிருக்கா. அவங்க போன் பண்ணி, ஆள் எப்படின்னு கேட்கிறாங்க. உள்ளதைச் சொன்னா நம்ம மேல கேஸ் வருமா?"

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்வோம். முதலாளி என்றால் மில் முதலாளி மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். கணக்காளருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிற நம்ம கூட்டமைப்பும் வேலை கொடுப்பவர்தான். அதனால் நாம் சொல்கிற ஒரு வார்த்தைக்கு மதிப்பு உண்டு. அந்த வார்த்தையால் ஒரு பெண்ணின் பிழைப்பும் போகலாம். சொல்லாமல் விட்டால், இன்னொரு ஊர்ப் பெண்கள் வாரா வாரம் போட்ட சேமிப்புப் பணமும் போகலாம். இரண்டும் பாவம்தான்.

அவதூறு என்றால் என்ன?

ஒருவருடைய நல்ல பெயரைக் கெடுக்கும் விதமாக மூன்றாவது ஆளிடம் சொல்வது, எழுதுவது, சைகை காட்டுவது எல்லாம் அவதூறு ஆகலாம். 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 499-வது பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் 356-வது பிரிவாக இருக்கிறது. சட்டத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. "கடிகாரத்தைத் திருடினது யார்?" என்று கேட்டால், வாய் திறக்காமல் ஒருவரைக் கை காட்டினாலும் அவதூறுதான். "அவ ரொம்ப நல்லவ, அவ எங்க எடுத்திருக்கப் போறா" என்று, திருடி என்று நம்ப வைப்பதற்காகவே நக்கலாகச் சொன்னாலும் அவதூறுதான்.

தண்டனை இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதிய சட்டத்தில் சமூக சேவை செய்யச் சொல்லவும் இடம் இருக்கிறது. போலீஸ் தானாக வந்து பிடித்துக்கொண்டு போகிற குற்றம் இல்லை இது. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். தனியாக நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கும் போடலாம். அதற்கு ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.

சட்டம் கொடுக்கிற பாதுகாப்பு

இதே பிரிவில் பத்து விதிவிலக்குகள் இருக்கின்றன. நமக்கு முக்கியமானவை ஒன்பதாவதும் பத்தாவதும். நம்முடைய நன்மையையோ அடுத்தவருடைய நன்மையையோ பாதுகாக்க, நல்லெண்ணத்தோடு சொன்னால் அது அவதூறு ஆகாது. கேட்பவருடைய நன்மைக்காக நல்லெண்ணத்தோடு எச்சரிக்கை செய்தாலும் ஆகாது. இதற்கும் சட்டத்தில் எடுத்துக்காட்டு உண்டு. ஒரு கடைக்காரர் தன் கடையைப் பார்த்துக்கொள்பவரிடம், "இன்னாருக்கு ரொக்கம் வாங்காம சரக்குக் கொடுக்காதே, அவர் நாணயத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்கிறார். தன் வியாபாரத்தைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு சொன்னால் அது குற்றம் இல்லை.

வேலைக்கு எடுக்கப் போகிற கூட்டமைப்பு நம்மிடம் கேட்பதும் இப்படித்தான். அவர்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருக்கிறது. பதில் சொல்ல நமக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் "நல்லெண்ணம்" என்பதற்குச் சட்டம் வைத்திருக்கிற அர்த்தம் பெரியது. "மனசுல கெட்ட எண்ணம் இல்லைங்க" என்றால் மட்டும் போதாது. உரிய கவனத்தோடும் அக்கறையோடும் விசாரித்துச் சொல்லியிருக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் அதை நிரூபிக்க வேண்டியதும் நாம்தான். அப்போது நமக்குக் கை கொடுப்பது ரொக்கப் புத்தகம், தணிக்கை அறிக்கை, தீர்மான நோட்டு. காதில் விழுந்த பேச்சு கை கொடுக்காது.

சொல்லும்போது கவனிக்க வேண்டியவை

1. கேட்டவருக்கு மட்டும் சொல்லுங்கள். பஸ் ஸ்டாண்டிலும், ரேஷன் கடை வரிசையிலும், வாட்ஸ்அப் குழுவிலும் சொன்னால் பாதுகாப்பு கிடைக்காது. அவர்களுக்கெல்லாம் இது தெரிய வேண்டிய தேவை என்ன?

2. கேட்டதற்கு மட்டும் சொல்லுங்கள். கணக்கு எப்படி எழுதினாள் என்று கேட்டால், அவள் குடும்பச் சண்டையையும் சாதியையும் இழுக்க வேண்டாம்.

3. நடந்ததைச் சொல்லுங்கள், பட்டம் கட்டாதீர்கள். "அவ திருடி" என்று சொல்லாதீர்கள். "தணிக்கையில் ரொக்கம் குறைந்தது. விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தோம். பதில் வரவில்லை" என்று சொல்லுங்கள். அதுவும் நோட்டில் இருந்தால் மட்டும்.

4. ஒரு ஆள் மட்டும் பேசட்டும். கூட்டமைப்பின் செயலாளரோ தலைவரோ பதில் சொல்லட்டும். முடிந்தால் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கோபத்தில் பேச வேண்டாம். பழைய சண்டைக்குப் பழி வாங்கச் சொன்னது என்று தெரிந்தால் சட்டம் நம் பக்கம் நிற்காது.

6. பொய்யான நற்சான்றும் வேண்டாம். "எப்படியோ இங்கேயிருந்து போனா சரி" என்று புகழ்ந்து எழுதினால், நாளைக்கு ஏமாறுவது நம்மைப் போன்ற இன்னொரு குழுப் பெண்கள்தான்.

சரியான விவரம் கையில் இல்லையா? எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன வேலை பார்த்தார் என்று மட்டும் சொல்லலாம்.

இதன் மறுபக்கம்

நம்மில் எத்தனையோ பேர் வீட்டு வேலைக்கும், மில்லுக்கும், கடைக்கும் போகிறோம். நகை காணோம் என்றால் முதல் பார்வை வேலைக்காரப் பெண் மேல்தான் விழும். பிறகு நகை பீரோவுக்கு அடியிலேயே கிடைக்கும். ஆனால் தெரு முழுக்கப் பேர் கெட்டுப்போயிருக்கும். விசாரிக்காமல், தெரியாதவர்களிடமெல்லாம் அப்படிச் சொன்ன முதலாளிக்கு இந்த விதிவிலக்கு உதவாது. அந்தப் பெண் புகார் கொடுக்கலாம். இந்த மாதிரி வழக்குக்கு இலவச சட்ட உதவி கிடைக்குமா என்று மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பார்க்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்கள் அங்கே உதவி கேட்கலாம்.

நமக்கு இப்படி ஒரு பழி வந்தால் எப்படி வலிக்கும்? நம்மிடம் வேலை பார்த்துப் போன பெண்ணைப் பற்றிப் பேசும்போது அதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போம். அதே சமயம், கணக்கில் தவறு நடந்தது நோட்டில் இருந்தால், பயந்து மூடி மறைக்கவும் வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் இரண்டு தீர்மானம் போடுங்கள். ஒன்று, வேலையை விட்டுப் போகிறவரிடம் கணக்கை ஒப்படைக்கச் சொல்லி, இரு பக்கமும் கையெழுத்து வாங்குவது. இரண்டு, யாராவது விசாரித்தால் யார் பதில் சொல்வது என்று முடிவு செய்வது. இந்த இரண்டும் நோட்டில் ஏறிவிட்டால், போன் வரும்போது யாரும் திணற வேண்டியதில்லை.