அந்தச் சிவப்புக்கு என்ன மருந்து?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் சாத்தூர்க்காரன். எங்கம்மா பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர். சாயங்காலம் வீடு திரும்பும்போது அலுமினியப் பவுடர் படிந்து கையெல்லாம் வெள்ளியாக மின்னும். வாணம் வெடித்தால் நிறத்தைப் பார்த்தே மருந்தைச் சொல்லிவிடுவார். சிவப்பென்றால் ஸ்ட்ரான்சியம், நீலமென்றால் தாமிரம், பச்சையென்றால் பேரியம். (பட்டாசில் பேரியம் உப்புகளுக்கு உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது.)

ஒரு மார்கழி இரவில், வைப்பாற்றங்கரையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி ஓரையன் நெபுலாவைப் படம் எடுத்தேன். திருவாதிரைக்குச் சற்றுத் தள்ளி வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்குமல்லவா, அதற்குத் தெற்கே மங்கலான புகைபோலத் தெரியும். சுமார் 1,300 ஒளியாண்டு தூரம். ஷட்டரை அதிக நேரம் திறந்தால், பூமி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாகிவிடும். ஆகவே ஐந்தைந்து நொடியாக 200 படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்தேன். கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தது படத்தில் ரோஸாக வந்தது. கலர் அடித்ததல்ல, மங்கிய ஒளியில் நம் கண்ணுக்கு நிறம் தெரியாது, அவ்வளவுதான். கேமராவுக்குள் இருக்கும் ஃபில்டர் தடுக்காவிட்டால் இன்னும் சிவந்திருக்கும்.

அம்மாவிடம் காட்டினேன். "இந்தச் சிவப்புக்கு என்னய்யா மருந்து?" என்றார்.

1864இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹக்கின்ஸ் கேட்டதும் இதே கேள்விதான். நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாத பச்சைக் கோடு ஒன்று இருந்தது. புதுத் தனிமம் என்று நினைத்து 'நெபுலியம்' என்றுகூடப் பெயர் வைத்தார்கள். அது இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்ஸிஜன்தான் என்று 1927இல் ஐரா போவன் காட்டினார். சிவப்போ ஹைட்ரஜன், 656.3 நானோமீட்டர். சூடான நட்சத்திரத்தின் புற ஊதாக் கதிர் எலெக்ட்ரானைப் பிய்த்தெறிகிறது. அது திரும்பி வந்து படிப்படியாக இறங்கும்போது அந்த ஒளி வருகிறது.

"தண்ணியில இருக்கிற அதே ரெண்டு சரக்குதாம்மா" என்றேன்.

"வெடிக்காதுல்ல?" என்றார்.

அவர் கவலை அவருக்கு. "வெடிக்காதும்மா, நாங்க லேப்ல உண்டாக்குற வெற்றிடத்தைவிட மெலிசு" என்றேன். நிம்மதியாகச் சிரித்தார்.

தம்பி தங்கைகளே, நிறத்தைப் பார்த்துப் பொருளைச் சொல்வதுதான் நிறமாலையியல். பட்டாசு வேலை பார்க்கும் வீட்டிலிருந்து வந்தவர்கள் வகுப்பில் கூச்சப்பட வேண்டாம்; பாதிப் பாடம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மீதியைத் தேடிப் போங்கள். ஜவ்வாது மலைக் காவலூரில், 1986இல் திறக்கப்பட்ட 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அம்மாவிடம் சொல்லுங்கள்.