மானும் நெல்லியும்: மலைச்சரிவைப் படித்தல்



மான் வேட்டை பற்றிப் பேசத் தமிழாசிரியைக்கு என்ன தகுதி என்று நீங்கள் எண்ணக்கூடும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது, நன்றே செய்தது. எனினும், வேட்டுவன் மலையைப் படித்த முறையையும் உடன் இழந்துவிட்டால், குறிஞ்சித்திணைப் பாடல்கள் பல நமக்கு வெறும் அலங்காரமாய் எஞ்சும்.

நீலகிரியிலும் ஆனைமலையிலும் உயர்ந்த சரிவுகளில் புல்வெளியும் சோலையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. கடமான் பகலில் சோலையின் அடர்த்தியில் படுத்திருக்கும். அந்தியில் புல்லை நாடி வெளிவரும். ஆகவே வேட்டுவன் கண் காட்டின் நடுவில் இராது. சோலை முடிந்து புல் தொடங்கும் விளிம்பில் இருக்கும். கறித்த தளிர், கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரம், கலங்கிய சேற்றுக்குழி, தீயெரிந்த சரிவில் புதிதாய்த் துளிர்த்த புல் ஆகியவை அவனுக்கு எழுத்துகள். காற்றும் அப்படியே. வெயிலேறச் சரிவுக்காற்று மேலெழும். இரவில் குளிர்ந்து கீழிறங்கும். ஆதலின் பகலில் மேலிருந்தும், விடியுமுன் கீழிருந்தும் அணுகுவான். மனித வாடை எட்டினால் மான் நில்லாது.

இனி நெல்லி. புள்ளிமானும் கேளையாடும் உதிர்ந்த நெல்லிக்கனியை விழுங்கி, அசைபோடுகையில் கொட்டையை உமிழ்ந்துவிடும். நெல்லியே இல்லாத நிழலில் கொட்டைகள் கிடந்தால், மான் அங்கே படுத்தெழுந்தது என்று பொருள்.

இந்தக் கண்ணோடு குறுந்தொகை 235ஆம் பாடலைப் பாருங்கள். தலைவியின் புல்வேய்ந்த குடிலின் முற்றத்தில் மரையினம் நெல்லிக்கனி தின்கிறது. மரை என்பது கடமானே என்பார் உளர், வேறு கூறுவாரும் உளர், அவ்வழக்கு இருக்கட்டும். தலைவன் பேசுவது வாடைக்காற்றிடம். நெல்லி கனிவதும் அந்தக் குளிர்காலத்தில்தான். ஆக, நெல்லி அங்கே பருவம் குறிக்கிறது. முற்றம்வரை அஞ்சாது வரும் மரையோ, அவ்வூரின் அமைதியைச் சொல்கிறது. இலக்கண நூலார் மானை முல்லைக்கு வைத்தனர் என்பதால் நம் மாணவர்கள் 'திணைமயக்கம்' என்றெழுதி மதிப்பெண் பெற்றுப் போகின்றனர். மானுக்கோ அம்மயக்கமே வீடு. புல்லும் சோலையும் கலக்கும் இடத்தில்தான் அது வாழ்கிறது.

பழங்குடியினராகிய வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இன்றும் இதே அடையாளங்களைப் படித்துத்தான் மானைக் காக்கின்றனர். அவர்களுள் ஒருவரை அடுத்த கூட்டத்திற்கு அழைத்து, இப்பாடலை வாசித்துக் காட்டி, அவருக்கு என்ன தெரிகிறது என்று கேட்குமாறு வட்டத்தாரை வேண்டுகிறேன்.