கழற்றினாலும் ஓட வேண்டும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கணினி நிரல் எழுதும் கலையைப் பற்றி ஒரு ரயில்வே எழுத்தர் பேசத் துணிவது தகுமோ என்று நீங்கள் ஐயுறலாம். பார்சல் அலுவலகத்தில் வேபில் எழுதிப் பழகிய கை நமது கை. எனினும், நம் மகள் பயிற்சி வகுப்பில் பட்ட துன்பமே நம்மை இம்மேடைக்கு அழைத்து வந்தது.

அவள் பயின்றது, நெட்பீன்ஸ் என்னும் அடித்தளத்தின்மீது மேசைக் கணினிக்குரிய மென்பொருள் அமைக்கும் முறையாகும். 1996-ஆம் ஆண்டில் பிராக் நகரத்துச் சார்லஸ் பல்கலைக்கழக மாணவர் சிலர் தொடங்கிய முயற்சி அது. 1999-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் அதனை வாங்கியது. 2000-இல் மூலநிரலை யாவரும் காணுமாறு வெளியிட்டது. இன்று அப்பாச்சி அறக்கட்டளை அதனைப் பேணி வருகின்றது.

அம்முறையில் மென்பொருள் ஒரே பாறையாக அமைவதில்லை. 'மாட்யூல்' எனப்படும் தனித்தனிக் கூறுகளாக அமைகின்றது. ஒவ்வொரு கூறுடனும் 'மேனிபெஸ்ட்' என்னும் குறிப்பு உடன் செல்லும். கூறின் பெயர் யாது, எக்கூறுகளின் துணை அதற்கு வேண்டும், அதனுள் பிறர் தொடத்தக்க பகுதி எது என்பன அதில் காணப்படும். நம் வேபிலுக்கு அஃது உடன்பிறப்பு! இரு கூறுகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்றலும் ஆகாது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே நின்று, மற்றது விலகட்டும் எனக் காத்திருக்கும் இரு வண்டிகளை எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர் ஒரு முகவரி ஏடு அமைக்கப் பணித்தார். விவரங்களைக் காட்டுவது ஒரு கூறு. சேமிப்பது மற்றொரு கூறு. நம் மகளின் ஏடு அழகாக இயங்கிற்று. பின்னர் ஆசிரியர், சேமிக்கும் கூறினை நீக்கி வேறொன்றைப் பொருத்தச் சொன்னார். உடனே அனைத்தும் நின்றுவிட்டது. காட்டும் கூறு, சேமிக்கும் கூறினை நேரே பற்றிக்கொண்டிருந்ததே காரணம்.

"எனக்கு இது வராது அப்பா, வகுப்பை விட்டுவிடுகிறேன்" என்றாள். கட்டணத்திற்கு வாங்கிய கடனோ இன்னும் தீரவில்லை.

அன்றிரவு நாம் கேட்டோம்: "வழியில் ஒரு வேகன் பழுதுற்றால் என்ன செய்வோம்?"

"சிக் என்று எழுதிக் கழற்றிவிடுவீர்கள்."

"மற்றவை?"

"போகும். எல்லாவற்றிற்கும் இணைப்பு ஒரே மாதிரிதானே..." என்றவள், பேச்சை முடிக்காமலே எழுந்து கணினியின் முன் அமர்ந்தாள்.

மறுநாள் இடையில் மூன்றாவது கூறு ஒன்று அமைந்தது. சேமிக்கும் கூறு எச்செயல்களைச் செய்து தரவேண்டும் என்ற ஒப்பந்தம் மட்டுமே அதில் இருந்தது. இரு பக்கமும் அவ்வொப்பந்தத்தையே சார்ந்தன. அதனை நிறைவேற்றும் கூறு எது என்று 'லுக்அப்' என்னும் பதிவிடத்தில் கேட்டுப் பெறுமாறு செய்தாள். சேமிக்கும் கூறு மாறிற்று, ஏடு நிற்கவில்லை.

அன்பர்களே! கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆயினும், தனக்கு வேண்டுவதையும் தான் தருவதையும் முன்னரே அறிவித்து, பிறர் உள்ளறையில் கை வையாத ஒழுங்கு எக்கருவிக்கும் பொருந்தும். பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர், "என்ன கற்றாய்?" என்பதோடு நில்லாது, "நீ கட்டியதில் ஒன்றைக் கழற்றினால் மற்றவை ஓடுமா?" என்றும் கேட்பீர்களாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!