வயலும் கிணறும்
(மாம்புரி உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

  

மண்ணையும் நீரையும் காத்த பழங்குடி உழவர்களைப்பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். இந்தியாவின் நாகாலாந்திலே, பேக் மாவட்டத்திலே, கிக்ருமா என்றொரு மலையூர் உண்டு. அங்குள்ள சாக்கேசாங் நாகர்களின் வேளாண் முறைக்கு ‘ஜாபோ’ என்று பெயர். ஓடும் நீரைத் தேக்குதல் என்பது அதன் பொருள். உச்சியிலே காத்து வைத்த காடு, அதன் கீழே குளம், அதற்குக் கீழே மாட்டுப்பட்டி, அடியிலே நெல்வயல். குளத்து நீர் பட்டியைக் கழுவி, எருவைச் சுமந்து வயலுக்கு இறங்குகிறது. வயலின் அடித்தரையை அவர்கள் இடித்து இறுக்கி வைத்திருப்பதால், நீர் எளிதில் கீழே கசிவதில்லை.

மலையும் இல்லாத, குளமும் இல்லாத இந்த மணற்றரைக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

நமக்கு ஒருபுறம் கடல். மறுபுறம் புத்தளக் களப்பு. நடுவிலே, மாரி மழை மணலூடாக இறங்கி, பாரமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும் என்பது நீரியலார் கணக்கு. மேலே அரை அடி குறைந்தால், கீழே 20 அடி உப்பு ஏறிவரும். கையால் இறைத்த காலத்திலே மனிதனின் களைப்பே இந்நீருக்குக் காவல். இயந்திரத்துக்குக் களைப்பு ஏது?

உப்பாவது நாவுக்குத் தெரியும். மற்றொன்று தெரியாது. கற்பிட்டிக் குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இடும் யூரியா, பயிர் உண்டது போக, அடுத்த இறைப்போடு மணலில் இறங்கி அதே கிணற்றுக்குத் திரும்புகிறது. அந்நீரில் பால்மா கரைத்து ஊட்டினால், கைக்குழந்தையின் குருதி உயிர்வளி சுமக்கும் வலுவை இழக்கக்கூடும்.

கிக்ருமாவில் எருநீரைத் தாங்க இறுகிய தரை உண்டு. நமக்கில்லை. ஆகவே மணலுக்குள் நாமே ஒரு தாங்கலை இடவேண்டும். யாழ்ப்பாணத்து உழவர் பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தினார்களே, அதுதான்! உக்கிய இலை நீரையும் சத்தையும் பிடித்து வைக்கும். பசளையை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். சிறுகச் சிறுகப் பிரித்து இடுங்கள். பெருமழை வரும் தறுவாயில் இடவே வேண்டாம். வேருக்கு எட்டுமளவே இறையுங்கள்.

மலையிலே மேல்வயல், கீழ்வயல் உண்டு. இங்கே எல்லாருக்கும் அடியில் இருப்பது ஒரே நீர். ஒருவர் மட்டும் திருந்திப் பயனில்லை. அயலாரோடு பேசி முடிவு செய்யுங்கள். தோட்டத்துக்குள்ளே குடிநீர்க் கிணறு வைத்திருப்போர் முதலில் அந்நீரைச் சோதனைக்குக் கொடுங்கள். காய்ச்சிக் குடிக்கிறோமே என்று இருந்துவிடாதீர்கள். காய்ச்சினால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.