வீட்டுக்கு ஏற்ற செப்டிக் டேங்க் அளவு



புது வீடு கட்டும்போது, "செப்டிக் டேங்கைப் பெரிதாகப் போடுங்கள், ஆயுசுக்கும் நிறையக் கூடாது" என்று கொத்தனாரிடம் சொல்லும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இருபது வருடமாக எங்கள் தொட்டி நிறையவே இல்லை என்று பெருமைப்படுவோரும் உண்டு. நிறையாத தொட்டி நல்ல தொட்டி அல்ல. அடியில் தளம் போடாமல் உறை மட்டும் இறக்கிய குழிதான் நிறையாமல் இருக்கும். அதிலுள்ள கழிவு மண்ணுக்குள் இறங்கி, நாளடைவில் கிணற்றுக்கே வந்து சேரக்கூடும்.

முதலில் தொட்டியின் வேலை என்ன என்று பார்ப்போம். கழிவு உள்ளே வந்ததும் கனமான பகுதி அடியில் கசடாகத் தங்குகிறது. எண்ணெய்ப் பிசுக்கு போன்ற இலேசான பகுதி மேலே ஆடையாக மிதக்கிறது. நடுவில் உள்ள நீர் மட்டும் வெளியேறுகிறது. சாண எரிவாயுக் கலனில் நடப்பதைப் போலவே, காற்றில்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் கசடைச் சிதைக்கின்றன. ஆனாலும் கசடு முழுவதும் கரைந்து போவதில்லை. ஆகவே குறித்த காலத்தில் அதை எடுத்தே ஆக வேண்டும். அந்தக் காலக் கணக்கை வைத்தே தொட்டியின் அளவு அமைகிறது.

அறைகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். வீட்டில் நிரந்தரமாக இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதே கணக்கு. பங்குனிப் பொங்கலுக்கு இரண்டு நாள் வந்து போகும் உறவினரைச் சேர்க்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் திருமணமானால் குடும்பம் பெருகும் என்பதை மட்டும் மனதில் கொள்ளுங்கள்.

1985ஆம் ஆண்டின் இந்தியத் தர நிர்ணயம் இதற்கு அளவு வகுத்துள்ளது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கசடு எடுப்பதாக வைத்துக்கொண்டால், தொட்டியின் உள்ளளவு ஏறத்தாழ இவ்வாறு இருக்க வேண்டும்:

5 பேருக்கு: நீளம் 5 அடி, அகலம் 2½ அடி, நீரின் ஆழம் 3½ அடி.

10 பேருக்கு: நீளம் 6½ அடி, அகலம் 3 அடி, நீரின் ஆழம் 4½ அடி.

நீர்மட்டத்துக்கு மேல் 1 அடி காலியிடம் தனியாக விட வேண்டும். எவ்வளவு சிறிய குடும்பமானாலும் நீர் நிற்கும் பகுதி 1,000 லிட்டருக்குக் குறையக் கூடாது. 2,000 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டியில், கழிவு நுழையும் பக்கத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் தடுப்புச் சுவர் எழுப்புவது முறை. வெளியேறும் குழாய், நுழையும் குழாயைவிட 2 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். காற்றுக் குழாயின் வாயில் கொசு வலை கட்டுங்கள். மழைநீரை உள்ளே விடாதீர்கள். குளியலறை, சமையலறை நீரைத் தனியே தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சிவிட்டால் தொட்டியின் பாரம் குறையும்.

நம்முடையது கரிசல் பூமி. மழையில் பொதும்பும், கோடையில் வெடிக்கும். ஆகவே தளமும் சுவரும் உறுதியாக இருப்பதோடு, உட்புறம் நீர் கசியாதபடி சிமெண்டுப் பூச்சும் தேவை. சுவரைச் சுற்றிக் கரிசலையே தள்ளாமல் மணல் அல்லது சரளை இட்டு நிரப்புங்கள்.

தொட்டியிலிருந்து வரும் நீர் தெளிவாகத் தோன்றினாலும் அதில் நோய்க் கிருமிகள் உண்டு. அதைத் தெருச் சாக்கடையில் விடக் கூடாது, மண்ணுக்குள்தான் விட வேண்டும். உறிஞ்சு குழி வெட்டுமுன் ஒரு சோதனை செய்யுங்கள். சிறு குழி வெட்டி, இரவு முழுதும் நீர் ஊற வைத்து, மறுநாள் மீண்டும் நீர் விட்டுப் பாருங்கள். நீர்மட்டம் 1 அங்குலம் இறங்க 30 நிமிடத்துக்கு மேல் ஆனால், ஆழக் குழியைவிட ஆழமில்லாத நீண்ட கால்வாய் வெட்டி ஜல்லி நிரப்புவதே நல்லது. ஒரு மணி நேரத்துக்கும் மேலானால் பொறியாளரைக் கலந்தே முடிவு செய்யுங்கள். திருத்தங்கல் 2021ஆம் ஆண்டு முதல் சிவகாசி மாநகராட்சியைச் சேர்ந்தது. நகருக்குள் இருப்போர் மாநகராட்சிப் பொறியாளரையும், கிராமத்தார் ஊராட்சி ஒன்றியப் பொறியாளரையும் அணுகலாம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே 60 அடியாவது இருக்க வேண்டும். அது உங்கள் கிணறானாலும் சரி, பக்கத்து வீட்டாரின் கிணறானாலும் சரி.

தேவைக்கு மேல் பெரிய தொட்டி கட்டினால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். செலவு அதிகம் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய கெடுதலும் உண்டு. பெரிய தொட்டிதானே என்று பல ஆண்டு திறக்காமல் விடுகிறோம். கசடு இறுகிப் போகிறது, லாரிக் குழாயால் உறிஞ்ச முடிவதில்லை. அப்போதுதான் யாரையாவது உள்ளே இறக்கும் எண்ணம் வருகிறது. உள்ளே தேங்கியிருக்கும் நச்சு வாயு சில நொடிகளில் ஆளை மயக்கிவிடும். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் பிழைப்பது அரிது. பாதுகாப்புச் சாதனமின்றி ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தண்டனை இருக்கட்டும், போன உயிரை யார் திருப்பித் தர முடியும்? எந்த நிலையிலும் ஆளை இறக்காதீர்கள். தீக்குச்சி கிழித்து உள்ளே பார்ப்பதும் ஆபத்து. அங்கே எரியும் வாயுவும் உண்டு. ஒரு பொறி என்ன செய்யும் என்பதைப் பட்டாசுத் தொழில் நடக்கும் இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே லாரி வந்து நிற்கக்கூடிய இடத்துக்கு அருகில் தொட்டியை அமையுங்கள். மூடியின் மேல் தளம் போட்டு மறைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை கசடை எடுத்துவிடுங்கள். அடியில் சிறிதளவு மட்டும் விட்டுவைத்தால் நுண்ணுயிர்கள் மீண்டும் விரைவில் பெருகும். எடுத்த கசடு நல்ல எரு என்று எண்ணி அப்படியே வயலில் கொட்டச் சொல்லாதீர்கள். அதிலுள்ள குடற்புழு முட்டைகள் காய்கறி வழியாக நம் பிள்ளைகளின் வயிற்றுக்கே திரும்பி வரும். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு செல்லும் லாரியையே அழையுங்கள்.

ஆட்களை எண்ணி, மண்ணைச் சோதித்து, காலத்தில் கசடு எடுத்தால் அளவான தொட்டியே போதும். கிணற்று நீரும் கெடாது, ஓர் உயிருக்கும் ஆபத்து வராது.