காயிலை மாற்றலாம், ஷாஃப்ட்டை அல்ல



நம்ம துடியலூரில் மோட்டார் புகைஞ்சா காயிலை மாத்திக் கட்டுவோம். ஷாஃப்ட்டில் கை வைக்க மாட்டோம். வாள் வீசும் வீடியோ கேமுக்கும் அதே கணக்குத்தான்.

2001-இல் ஜப்பானில் பிறந்த ‘டெவில் மே க்ரை’யை 2013-இல் புதிதாகத் தொடங்கினார்கள். வெள்ளை முடி நாயகன் டான்டே கறுப்பு முடியோடு வேறு ஆளாக வந்தான். பழைய ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2019-இல் வந்த ஐந்தாம் பாகம் பழைய கதைக்கே திரும்பியது.

2005-இல் பிறந்த ‘காட் ஆஃப் வார்’ 2018-இல் கிரேக்கத்தை விட்டு வடஐரோப்பியப் புராணத்துக்குப் போனது. கையில் கோடரி, பக்கத்தில் மகன். ஆனால் கிராட்டோஸின் பழைய பாவத்தை மட்டும் அழிக்கவில்லை. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று ‘தி கேம் அவார்ட்ஸ்’ விருதும் வாங்கியது.

தம்பி தங்கைகளே, நாளைக்கு இந்தச் சங்கத்தை நடத்தப்போவது நீங்கள். எதை வேணும்னாலும் புதுசாக்குங்க. ஷாஃப்ட் எதுன்னு மட்டும் எங்களைக் கேட்டுட்டுச் செய்யுங்க.